மலையில் எடுத்த பழைய படங்களில் எதைத் திரையரங்கில் மறுபடி பார்க்கலாம்?

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் எடுத்த பழைய படங்களைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஊட்டிக்காரனாக நான் முதலில் சொல்வது 1982-இல் வந்த 'மூன்றாம் பிறை'.

பாலு மகேந்திராவே இயக்கி, ஒளிப்பதிவும் செய்த படம். ஒளிப்பதிவுக்குத் தேசிய விருதும் கிடைத்தது. எங்கள் ஊரின் மேகமூட்ட வெளிச்சத்தை அவர் அளவுக்கு மதித்து எடுத்தவர்கள் குறைவு. போனில் பார்த்தால் அந்த அழகில் பாதி போய்விடும். வீடியோவைச் சுருக்கும்போது முதலில் அடிபடுவது மூடுபனியும் இருட்டும்தான். சாம்பல் நிறத்தின் மெல்லிய படிகள் ஒட்டிக்கொண்டு திட்டுத்திட்டாகத் தெரியும். பெரிய திரையில் பனி பனியாகவே இருக்கும். கேத்தி ரயில் நிலையத்தில் எடுத்த கடைசிக் காட்சியில், மழையில் நனைந்து ரயிலோடு ஓடும் கமலின் முகமும் ஜன்னலோரத்து ஸ்ரீதேவியின் முகமும் நமக்கு ஒன்றாகத் தெரிய வேண்டும். அதற்குப் பெரிய திரைதான் சரி.

அப்புறம் 'குணா', 1991. கொடைக்கானல் குகைக்கே பெயர் கொடுத்த படம். அந்தக் குகையின் இருட்டுக்காகவே போகலாம்.

மறுவெளியீடு வந்தால், படச்சுருளிலிருந்து புதிதாக ஸ்கேன் செய்த பிரதியா என்று விசாரியுங்கள். பழைய டிவி பிரதியைப் பெரிதாக்கியிருந்தால் அங்கேயும் அதே திட்டுகள்தான்.