1500 மடங்கு ஜூம் எதற்கு? – கேம்கார்டர் கேள்வி பதில்

மதுரைப் பக்கம் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைப்பவன் நான். வி.எச்.எஸ். கேசட்டைத் தோளில் சுமந்த காலத்திலிருந்து மெமரி கார்டு வரை பார்த்தாயிற்று. கேம்கார்டரைக் கையில் வைத்துக்கொண்டு மெனுவில் திணறுகிறவர்கள் எழுதிய கேள்விகளுக்கு இந்த முறை பதில்.

கேள்வி: பேத்தியின் அரங்கேற்றத்துக்காகக் கேம்கார்டர் வாங்கப்போகிறோம். ஒரு பெட்டியில் 30 மடங்கு ஜூம், இன்னொன்றில் 1500 மடங்கு ஜூம் என்று போட்டிருக்கிறது. விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். எதை வாங்க? கேம்கார்டரே வேண்டாம், என் டி.எஸ்.எல்.ஆர். போதும் என்கிறான் மருமகன். – ஒரு வாசகி, பொள்ளாச்சி

பதில்: இரண்டு பெட்டியையும் திருப்பிப் பாருங்கள் அம்மா. 1500 போட்ட பெட்டியிலும் பொடி எழுத்தில் ‘ஆப்டிகல் ஜூம்’ என்று ஓர் எண் இருக்கும். அதை மட்டும் ஒப்பிடுங்கள். ஆப்டிகல் என்றால் லென்சுக்குள் கண்ணாடிகள் நகர்ந்து, தூரத்தில் இருப்பதை நிஜமாகவே பெரிதாக்குகின்றன. டிஜிட்டல் ஜூம் என்பது படத்தின் நடுப்பகுதியை வெட்டி ஊதிக் காட்டுவது. அந்த வேலையை வீட்டில் கம்ப்யூட்டரிலேயே செய்துகொள்ளலாம். கேமரா வாங்கிய அன்றே மெனுவுக்குள் போய் டிஜிட்டல் ஜூமை அணைத்துவிடுங்கள்.

கடைக்காரர் சொல்லாத இன்னொன்று: ஆப்டிகல் ஜூமும் இலவசமில்லை. இந்த வகைக் கேமராக்கள் பலவற்றில் லென்ஸ் மேல் எஃப் 1.8 – 4 என்பதுபோல எழுதியிருக்கும். ஜூம் செய்யாதபோது 1.8, முழு ஜூமில் 4. அதாவது முழுக்க இழுத்தால் உள்ளே வரும் வெளிச்சம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகிவிடுகிறது. சபாவில் விளக்கைக் குறைத்தபின் கடைசி வரிசையிலிருந்து ஜூம் போட்டால் படம் புள்ளி புள்ளியாக வருவது இதனால்தான். இருட்டைச் சமாளிக்கக் கேமரா ‘கெய்ன்’ என்பதை ஏற்றுகிறது. சிக்னலைப் பெருக்கும்போது அதிலுள்ள இரைச்சலும் கூடவே பெருகுகிறது. ஆகவே நடன அரங்கேற்றமானாலும் கச்சேரியானாலும் ஐந்தாறு வரிசை முன்னால், நடுவில் இடம் பிடியுங்கள். ஸ்டாண்டு கட்டாயம்.

மருமகனின் கேமராவில் படம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வகைப் பழைய கேமராக்கள் நிறைய, 29 நிமிடம் 59 நொடியில் தானாக நின்றுவிடும். 30 நிமிடத்துக்கு மேல் பதிந்தால் ஐரோப்பாவில் முன்பு அது வீடியோ கேமரா என்ற கணக்கில் வந்து கூடுதல் சுங்க வரி விழுந்தது. அதைத் தவிர்க்கக் கம்பெனிகள் வைத்த எல்லை அது. வர்ணம் பாதியில் இருக்கும்போது கேமரா நின்றுபோனால், குழந்தை மறுபடி ஆட முடியுமா? கேம்கார்டரே வாங்குங்கள்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து அண்ணன் கேம்கார்டர் கொண்டுவந்தார். வெளியில் எடுத்தால் பிரமாதம். மண்டபத்துக்குள் எடுத்தால் படம் படபடக்கிறது, குறுக்கே பட்டை ஓடுகிறது. கேமரா ரிப்பேரா சார்? – ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: ரிப்பேர் இல்லை. இரண்டு நாட்டுக் கரண்டுக்குள் நடக்கும் சண்டை. நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. சோக் வைத்த டியூப் லைட்டும் மட்டமான எல்.இ.டி.யும் அதற்கேற்ப நொடிக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கின்றன. நம் கண்ணுக்குத் தெரியாது. அமெரிக்காவில் 60 சுற்று. அந்த ஊருக்கென்று செய்த கேமரா நொடிக்கு 60 படம் எடுக்கிறது. ஷட்டரும், அதாவது ஒரு படத்துக்கு வெளிச்சத்தை உள்ளே விடும் நேரமும், பெரும்பாலும் 1/60 நொடியில் நிற்கிறது. 1/60 நொடிக்குள் நம் டியூப் லைட் ஒன்றரைக்குச் சற்று மேல் துடிக்கும். ஆக ஒரு படத்துக்கு வெளிச்சம் கொஞ்சம் கூட, அடுத்ததற்குக் கொஞ்சம் குறைய. அதுதான் படபடப்பு.

முதலில் மெனுவில் 50 ஹெர்ட்ஸ், 60 ஹெர்ட்ஸ் என்று தேர்வு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் 50 வைத்தால் முடிந்தது. இல்லையென்றால் ஷட்டரை ‘மேனுவல்’ ஆக்கி 1/100 வையுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் சரியாக ஒரு துடிப்பு வெளிச்சம் கிடைக்கும், பட்டை மறையும். 1/60-ஐவிடக் குறைந்த நேரம்தான் ஷட்டர் திறந்திருக்கிறது என்பதால் படம் சற்று இருட்டும். ஒரு லைட் கூடுதலாகப் போடச் சொல்லுங்கள். மேடைக்குப் பின்னால் ஓடும் சீரியல் செட்டும், டிம்மர் வைத்த எல்.இ.டி.யும் தன் இஷ்டத்துக்குத் துடிப்பவை. அவற்றுக்கு எந்த ஷட்டரும் ஒத்துவராமல் போகலாம். ஜெனரேட்டரில் ஓடும் மண்டபத்திலும் 50 என்பது 50-ஆக நிற்காது. அங்கெல்லாம் 1/100-க்கு முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்து, திரையில் பட்டை குறையும் இடத்தில் விடுங்கள்.

சார்ஜரைப் பற்றிப் பயம் வேண்டாம். அதன் முதுகில் 100 – 240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் பிளக் முனை மாற்றினால் போதும்.

கேள்வி: தாலி கட்டும் நேரத்தில் நாகஸ்வரமும் தவிலும் கரகரவென்று பதிவாகின்றன. அடுத்து ஐயர் சொல்வது காதில் விழவேயில்லை. – ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: இரண்டும் ஒரே வியாதி. கேமராவின் மைக் அளவு ‘ஆட்டோ’வில் இருக்கிறது. கெட்டிமேளம் திடீரென்று கொட்டியதும் அது தாங்கும் அளவைத் தாண்டிவிடுகிறது. அங்கே கிழிந்த ஒலியை எந்த மென்பொருளிலும் முழுசாக மீட்க முடியாது. உடனே கேமரா பயந்துபோய் மைக்கைக் குறைக்கிறது. மேளம் நின்றபிறகும் அது மெதுவாகத்தான் பழையபடி ஏறும். அந்த இடைவெளியில் மந்திரமெல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும்.

மைக் லெவலைக் கையால் வைக்கும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். முதல் நாள் நிச்சயதார்த்தத்தில் கெட்டிமேளம் கொட்டும்போதே சோதித்துவிடலாம். மீட்டர் சிவப்பைத் தொடக் கூடாது. கழித்தல் 12 டெசிபல் பக்கம் ஆடினால் நிம்மதி. அந்த வசதி இல்லையென்றால் தவில்காரருக்கு நேர் எதிரே நிற்காதீர்கள், அவ்வளவுதான். ஹெட்போன் இல்லாமல் மட்டும் வீடியோ எடுக்காதீர்கள். சின்னத் திரையில் படத்தைப் பார்த்துவிடலாம், கரகரப்பு அதில் தெரியாது.

கேள்வி: எல்லோர் முகமும் மஞ்சளாக வருகிறது. எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லித்தரும் ஒயிட் பேலன்ஸை வேட்டியைக் காட்டித்தான் வைக்கிறேன். – ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: வேட்டிதான் குற்றவாளி! நீலம் போட்டு அலசிய வேட்டியைக் கேமராவுக்குக் காட்டினால், அந்த நீலச் சாயலையே வெள்ளை என்று எடுத்துக்கொண்டு எல்லாவற்றிலிருந்தும் நீலத்தைக் கழிக்கிறது. மிஞ்சுவது மஞ்சள். மணப்பெண் ஏற்கெனவே மஞ்சள் பூசியிருப்பார், கேட்கவே வேண்டாம். கேமரா கடையில் சாம்பல் நிற கிரே கார்டு கிடைக்கும். அதை முகம் இருக்கும் இடத்தில், அதே வெளிச்சத்தில் பிடித்து வையுங்கள். வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் கெல்வின் கணக்கில் ஹாலஜன் சுமார் 3200, பகல் வெளிச்சம் 5600 பக்கம். ஜன்னலும் ஹாலஜனும் கலந்த இடத்தில் எந்த அட்டையும் உதவாது. ஏதாவது ஒன்றை மூடுங்கள் அல்லது அணையுங்கள்.

கேள்வி: 64 ஜி.பி. கார்டில் எவ்வளவு நேரம் எடுக்கலாம்? – ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: தரத்தைப் பொறுத்தது. நொடிக்கு 28 மெகாபிட் என்று வைத்தால் மணிக்கு 12.6 ஜி.பி.; ஏறக்குறைய ஐந்து மணி நேரம். முகூர்த்தத்துக்குப் போதும், ரிசப்ஷனுக்கு இன்னொரு கார்டு.

கேள்வி: மகனின் முதல் பிறந்தநாள் மினி டி.வி. (Mini DV) கேசட்டில் இருக்கிறது. கேமராவை யு.எஸ்.பி. கேபிளில் மாட்டினால் போட்டோ மட்டும்தான் வருகிறது. – ஒரு வாசகி, சேலம்

பதில்: அந்தக் காலக் கேமராக்கள் பலவற்றில் யு.எஸ்.பி. போட்டோவுக்கு மட்டும்தான். வீடியோவுக்கு ஃபயர்வயர் என்று தனி வாய். சோனியில் ‘ஐ.லிங்க்’ என்று எழுதியிருக்கும், சின்ன நான்கு முள் துளை. இப்போதைய லேப்டாப்பில் அது கிடையாது. பழைய டெஸ்க்டாப்பில் ஃபயர்வயர் கார்டு போட்டுத் தரச் சொல்லுங்கள்.

கேசட்டின் ஜன்னல் வழியே பாருங்கள். நாடாவில் வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் கேமராவுக்குள் போடவே வேண்டாம், நாடாவைப் படிக்கும் ஹெட் கெட்டுவிடும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். சுத்தமாக இருந்தால், முதுகிலுள்ள சின்னத் தாழ்ப்பாளை ‘சேவ்’ பக்கம் தள்ளிவிட்டு, ஒருமுறை கடைசிவரை ஓட்டித் திருப்பிச் சுற்றிய பிறகு ஓடவிடுங்கள். எல்.பி. முறையில், அதாவது நாடாவை மெதுவாக ஓட்டி அதிக நேரம் பிடிக்கும் முறையில், எடுத்த கேசட் வேறு கேமராவில் கட்டம் கட்டமாக உடையலாம், எடுத்த கேமராவிலேயே போடுவது நல்லது. ஒரு மணி நேர கேசட் ஏற ஒரு மணி நேரம்தான் ஆகும், கம்ப்யூட்டரில் சுமார் 13 ஜி.பி. பிடிக்கும். வாட்ஸ்ஆப்பில் அனுப்பச் சின்னதாக ஒரு நகல் எடுத்தபின் அந்தப் பெரிய ஃபைலை அழித்துவிடாதீர்கள். இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, ஒன்றைச் சொந்தக்காரர் வீட்டில் வையுங்கள்.