டி.எஸ்.ஹெச் 0.08: தைராய்டு குணமாகிவிட்டதா?

கேள்வி: எனக்கு 33 வயது, எடை 62 கிலோ. போன ஆண்டு ஹாஷிமோட்டோ தைராய்டு (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்கும் நோய்) என்றார்கள். அப்போது டி.எஸ்.ஹெச் 14, ஆன்டி டி.பி.ஓ (அந்தத் தாக்குதலைக் காட்டும் ரத்தச் சோதனை) 600க்கு மேல். தினமும் 50 மைக்ரோகிராம் தைராக்ஸின் (தைராய்டு ஹார்மோன் மாத்திரை) போடுகிறேன். முடி கொட்டுவது நிற்காததால் மூன்று மாதமாக ஆன்லைனில் ஓர் ஊட்டச்சத்து ஆலோசகர் சொல்படி நடக்கிறேன். கோதுமை, பால், முட்டைகோஸ் நிறுத்தியாயிற்று. இந்துப்புக்கு மாறிவிட்டேன். அவர் விற்கும் செலினியம், பயோட்டின் மாத்திரைகளும் ஒரு பொடியும் உண்டு. மாதாமாதம் அவர் சொல்லும் லேபில் முழு உடல் பரிசோதனை. இந்த மாதம் டி.எஸ்.ஹெச் 0.08, ஃப்ரீ டி4 (ரத்தத்தில் உள்ள தைராய்டு ஹார்மோன்) கூடுதல். “குணமாகிவிட்டது, மாத்திரையை நிறுத்துங்கள்” என்கிறார். ஆனால் அசதி, மலச்சிக்கல், குளிர் தாங்காமை அப்படியே இருக்கின்றன. இரண்டாவது குழந்தைக்கும் யோசிக்கிறோம். நிறுத்தலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம். பாதியாகவும் குறைக்க வேண்டாம். அந்த 0.08ஐ நான் நம்பவில்லை. உங்கள் அசதியைத்தான் நம்புகிறேன்.

தைராய்டு ஹார்மோன் குறைந்தால், மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி டி.எஸ்.ஹெச்சை அதிகமாகச் சுரந்து தைராய்டை விரட்டும். ஹார்மோன் மிஞ்சினால் டி.எஸ்.ஹெச் இறங்கிவிடும். 0.08 உண்மையென்றால் உங்கள் உடம்பில் ஹார்மோன் வழிய வேண்டும். நெஞ்சு படபடக்க வேண்டும், கை நடுங்க வேண்டும், வியர்த்துக் கொட்ட வேண்டும், வயிறு இளக வேண்டும். உங்களுக்கோ எல்லாம் நேர்மாறு. ரிப்போர்ட் ஒன்றும் உடம்பு வேறொன்றும் சொன்னால் முதலில் ரிப்போர்ட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும். என் சந்தேகம் அந்தப் பயோட்டின் மேல்.

பயோட்டின் ஒரு பி வைட்டமின். நாளொன்றுக்கு 30 மைக்ரோகிராம் போதும், சாதாரணச் சாப்பாட்டிலேயே கிடைத்துவிடும். கூந்தலுக்கென்று விற்கும் மாத்திரைகள் பலவற்றில் 10,000 மைக்ரோகிராம் இருக்கிறது. அதாவது முந்நூறு மடங்குக்கும் மேல். உடம்பை அது பெரிதாகக் கெடுப்பதில்லை, பரிசோதனையைக் கெடுக்கிறது. பல லேப் இயந்திரங்கள் டி.எஸ்.ஹெச்சைப் பிடித்து எண்ணுவதற்குப் பயோட்டினையே பசை போலப் பயன்படுத்துகின்றன. பஸ் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் ரத்தத்தில் மிதக்கும் பயோட்டின் அந்த இயந்திரத்துக்குள் எல்லா இருக்கையிலும் துண்டு போட்டுவிடுகிறது. டி.எஸ்.ஹெச்சுக்கு உட்கார இடம் இல்லை. உட்கார்ந்தவர்களை மட்டும் எண்ணும் இயந்திரம் “ஆளே இல்லை” என்று எழுதிவிடுகிறது. ஃப்ரீ டி4ஐ எண்ணும் முறை வேறு என்பதால் அது பொய்யாகக் கூடித் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் மருத்துவரே ஏமாந்துபோவார்.

2017இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதைப் பற்றிப் பொது எச்சரிக்கையே வெளியிட்டது. இன்றைக்கும் வீட்டுக்கு ரத்தம் எடுக்க வருபவர் “வெறும் வயிறா?” என்று கேட்கிறார், “முடிக்கு ஏதாவது மாத்திரை போடுகிறீர்களா?” என்று கேட்பதில்லை. படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் போட லேபுக்கு என்ன செலவாகிவிடும்? வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

என்னிடம் வந்த ஒரு பெண் துணிப்பையிலிருந்து ஏழு டப்பாக்களை எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தார். ஏழாவது, கரடி பொம்மை வடிவத்தில் சிவப்பு மிட்டாய். அதை அவர் மருந்துக் கணக்கிலேயே சேர்க்கவில்லை, மகளுக்கும் தினம் ஒன்று கொடுத்து வந்திருக்கிறார். அதில்தான் பயோட்டின் இருந்தது. இதே போன்ற ஒரு ரிப்போர்ட்டை நம்பி நான்கு மாதம் தைராக்ஸினை நிறுத்தியிருந்தார். முகம் ஊதி, குரல் கட்டையாகி, மாடிப்படி ஏற முடியாமல் வந்தார். மிட்டாயை நிறுத்திவிட்டுச் சோதித்தபோது டி.எஸ்.ஹெச் 90ஐத் தாண்டியிருந்தது.

ஆகவே இன்றே பயோட்டினை நிறுத்துங்கள். இரண்டு மூன்று நாள் இடைவெளி போதும் என்பார்கள், உங்கள் மாத்திரையின் அளவு தெரியாததால் நான் ஒரு வாரம் விடச் சொல்வேன். பிறகு டி.எஸ்.ஹெச், ஃப்ரீ டி4 இரண்டு மட்டும் பாருங்கள். நடுவில் படபடப்போ கை நடுக்கமோ வந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

மாதாமாதம் முழு உடல் பரிசோதனை எதற்கு? தைராக்ஸின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும். அளவை மாற்றினால் டி.எஸ்.ஹெச் புது நிலைக்கு வந்து நிற்க ஆறு முதல் எட்டு வாரம் வேண்டும். அதற்கு முன்னால் பார்ப்பது, உலை கொதிக்கும் முன்பே சோறு வெந்ததா என்று பதம் பார்ப்பது போல. அளவு நிலைத்துவிட்டால் ஆறு மாதம் கழித்து ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை போதும். ஆன்டி டி.பி.ஓவை நோயைக் கண்டறிய ஒருமுறை பார்த்தாயிற்று, இனி வேண்டாம். அது 600 ஆனாலும் 300 ஆனாலும் உங்கள் மாத்திரையின் அளவு மாறப்போவதில்லை. ஆனால் அந்த எண் ஏறி இறங்குவதைக் காட்டித்தான் அடுத்த மாதப் பொடியை விற்கிறார்கள். பொடியும் அவர்களுடையது, லேபும் அவர்கள் சொல்வது. ஆலோசனை சொல்பவரே பொருளையும் விற்றால், அந்த ஆலோசனைக்குக் கட்டணமே இல்லாவிட்டாலும் வாங்காதீர்கள். அமெரிக்காவில் கடைகளில் கிடைத்த “தைராய்டு சப்போர்ட்” மாத்திரைகளை ஆய்வகத்தில் சோதித்தபோது, பலவற்றில் தைராய்டு ஹார்மோனே கலந்திருந்தது.

சாப்பாட்டுக்கு வருகிறேன். முட்டைகோஸை வேகவைத்துப் பொரியலாகச் சாப்பிடுங்கள், ஒன்றும் ஆகாது. கோதுமையை நிறுத்துவதால் ஹாஷிமோட்டோ அடங்காது. இட்லி தோசை வீட்டில் சப்பாத்தியைக் குற்றவாளியாக்கி என்ன பயன்? பாலும் குடிக்கலாம், மாத்திரையோடு சேர்த்துக் குடிக்கக் கூடாது, அவ்வளவுதான். இந்துப்பை மட்டும் ஓரமாக வையுங்கள். அதில் பெரும்பாலும் அயோடின் சேர்ப்பதில்லை. சாதாரண அயோடின் உப்பையே அளவாகப் போடுங்கள். குழந்தைக்கு யோசிக்கும் உங்களுக்கு அயோடின் குறையக் கூடாது. அதே சமயம் கடற்பாசி மாத்திரை என்று அயோடினை அள்ளிப் போடவும் கூடாது, அது இந்த நோயைக் கிளறிவிடும்.

செலினியம் சில ஆய்வுகளில் ஆன்டி டி.பி.ஓவைக் குறைத்தது. ஆனால் அதைச் சாப்பிட்டதால் மாத்திரையின் அளவு குறைந்தது, உடம்பு தேறியது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. முட்டையிலும் மீனிலும் கிடைப்பது போதும். செலினியம் மிஞ்சினால் முடி கொட்டும், நகம் உடையும். முடி கொட்டுகிறது என்று போனவருக்கு இதைக் கொடுத்திருக்கிறார்கள்.

பார்க்க வேண்டியது ஃபெரிட்டின் (உடம்பில் உள்ள இரும்புச் சேமிப்பு), பி12, வைட்டமின் டி. ஒருமுறை பாருங்கள், குறைந்திருந்தால் நிரப்புங்கள். முடி கொட்டுவதற்கு இரும்புச்சத்துக் குறைவே காரணமாக இருக்கலாம். வைட்டமின் டி 60,000 யூனிட் வாரத்துக்கு ஒன்று. தினம் ஒன்று விழுங்கிவிட்டு வாந்தியோடு வந்தவர்கள் இருக்கிறார்கள்.

இதையெல்லாம்விடப் பெரிய விஷயம், மாத்திரையை எப்படிப் போடுகிறீர்கள் என்பது. மூன்று நிமிடத்தில் சீட்டு எழுதி அனுப்பும் நம் ஓ.பி.க்களில் இதைச் சொல்ல யாருக்கும் நேரமில்லை. பல் துலக்கியதும் தண்ணீரில் போட்டுவிட்டு, ஃபில்டர் காபிக்கு ஒரு மணி நேரம் பொறுங்கள். வாயு மாத்திரையையும் தைராய்டு மாத்திரையையும் ஒரே வாயில் போடும் பழக்கம் நம் ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. வாயு மாத்திரையால் வயிற்றில் அமிலம் குறைந்தால் தைராக்ஸின் சரியாக உறிஞ்சப்படாது. வாயு மாத்திரை உங்களுக்கு உண்மையிலேயே தேவையா என்று கேட்டு, தேவையில்லையென்றால் விட்டுவிடுங்கள். காலையில் முடியாவிட்டால், இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடலாம். மாத்திரையை அதன் பாட்டிலிலேயே வையுங்கள், அடுப்புப் பக்கத்து அலமாரி வேண்டாம்.

குழந்தை விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தாமதமானால் இழப்பு இங்கேதான். கரு உருவான முதல் சில மாதங்களில் குழந்தைக்குச் சொந்தமாகத் தைராய்டு ஹார்மோன் கிடையாது, மூளை வளர்ச்சிக்கு வேண்டியதை உங்களிடமிருந்துதான் எடுத்துக்கொள்ளும். எனவே டி.எஸ்.ஹெச் 2.5க்குக் கீழே வந்த பிறகு கருத்தரிப்பது நல்லது. நாள் தள்ளிப்போய் இரண்டு கோடு தெரிந்தால், அடுத்த மாதச் செக்கப் வரை காத்திருக்காதீர்கள். வாரத்துக்கு ஏழு மாத்திரை என்பதை அன்றிலிருந்தே ஒன்பது ஆக்குங்கள், அதாவது ஏதேனும் இரண்டு நாள் இரட்டை மாத்திரை. பிறகு மருத்துவரைப் பாருங்கள். இதை இப்போதே அவரிடம் பேசிச் சீட்டில் எழுதி வாங்கிவையுங்கள். கர்ப்பத்தின் பாதி வரை நான்கு வாரத்துக்கு ஒருமுறை டி.எஸ்.ஹெச் பார்க்க வேண்டும். “மாசமா இருக்கும்போது மாத்திரை எதுக்கு” என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். அன்பில்தான் சொல்வார்கள், ஆனால் கேட்காதீர்கள். சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள் தைராக்ஸினை உறிஞ்சவிடாமல் பிடித்துவைத்துவிடும், நான்கு மணி நேர இடைவெளி கட்டாயம். காலையில் தைராய்டு, மதியச் சாப்பாட்டோடு கால்சியம், இரவில் இரும்பு. இப்படி எழுதிக் காலண்டர் பக்கத்தில் ஒட்டுங்கள். குழந்தை பிறந்ததும் பழைய அளவுக்குத் திரும்பி, ஆறு வாரத்தில் மறுபடி ஒரு டி.எஸ்.ஹெச்.

அடுத்த வாரம் ரத்தம் கொடுக்கும் நாளில், கொடுத்து முடித்த பிறகே அன்றைய தைராக்ஸினைப் போடுங்கள். பயோட்டினை நிறுத்திய தேதியைப் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் நீங்களே பேனாவை வாங்கி எழுதுங்கள். டி.எஸ்.ஹெச் 2.5க்கு மேல் வந்தால் குழந்தைக்கு யோசிக்கும் உங்களுக்கு 50 மைக்ரோகிராம் போதவில்லை என்று அர்த்தம், உங்கள் மருத்துவர் கூட்டித் தருவார். உண்மையாகவே குறைந்திருந்தால் அவரே குறைப்பார்.