எலிசபெத் காலத்து நாடகத்துக்கு எந்த மேளம்?

கேள்வி: கல்லூரி விழாவுக்கு, 1590களின் லண்டனில் நடக்கும் நாடகம் ஒன்று போடுகிறோம். அரண்மனை விருந்து, ஊர் நடனம், போர்க்களம் மூன்றும் உண்டு. கையில் தபேலா, டோலக், கஹோன் (உட்கார்ந்து கையால் தட்டும் பெட்டி மேளம்) இருக்கின்றன. எதை வைத்துச் சமாளிக்கலாம்?

பதில்: தபேலாவும் கஹோனும் வேண்டாம். அந்த லண்டனில் மேளம் என்றால் பெரும்பாலும் குச்சியால் அடிப்பதுதான். டோலக்கைக் கொஞ்சம் மாற்றி வேலை வாங்கலாம்.

ஊர் நடனத்துக்கு அவர்களிடம் இருந்தது டேபர் என்ற சின்ன மேளம். வாசிப்பவர் ஒரே ஆள். மேளம் இடது கையில் தொங்கும். அதே கையில் மூன்று துளைக் குழல். வலது கையில் ஒற்றைக் குச்சி. தோலின் குறுக்கே ஒரு நரம்பு ஓடுவதால் அடிக்குப் பின்னால் லேசான சரசரப்பு கேட்கும். டோலக்கின் ஒரு பக்கத்தில் நைலான் நரம்பை இழுத்துக் கட்டி, ஒரே குச்சியால் தட்டிப் பாருங்கள், அந்தச் சத்தம் வந்துவிடும். ஆடுபவர் காலில் சலங்கையும் கட்டுங்கள். 1600இல் வில் கெம்ப் என்ற நகைச்சுவை நடிகர் லண்டனிலிருந்து நாரிச் வரை நூறு மைலுக்கு மேல் ஆடியே போனார். காலில் மணிகள், இசைக்கு ஒரு டேபர்காரர், அவ்வளவுதான்.

விருந்துக்கு: 1598இல் கிரீனிச் அரண்மனையில் ராணியின் உணவு வரும்போது 12 டிரம்பெட்டும் இரண்டு கெட்டில் டிரம்மும் அரை மணி நேரம் கூடத்தை அதிரவைத்ததாக ஒரு ஜெர்மன் பயணி எழுதினார். கெட்டில் டிரம் நம் நகராவுக்கு உறவுதான்; கிடைத்தால் இரண்டு வையுங்கள். சாப்பாடு தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள். 1599இல் தாமஸ் மார்லி என்ற இசையமைப்பாளர் அச்சிட்ட குழு இசையில் ஆறு வாத்தியங்கள் உண்டு, மேளம் ஒன்றுகூட இல்லை.

விருந்தில் பவான் என்ற நிதானமான அரண்மனை நடனத்துக்கு மட்டும் தாளம் போடலாம். 1589இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் அச்சிட்ட நடன நூலில் அதற்கு ஒரு நெடில், இரண்டு குறில்: தாஆ த க, தாஆ த க. கடைசிவரை இதேதான். வாசிப்பவருக்குச் சலிக்கும், தீர்மானம் (முடிப்புக் கோர்வை) வைக்கத் துடிப்பார், அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

போருக்கு மேடைக்குப் பின்னால் ஒரே ஒரு மேளம் போதும். 1598இல் லண்டன் நாடகக் குழு ஒன்றின் சாமான் பட்டியலில் மூன்று டிரம்பெட்டோடு டிரம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது.