எனக்குக் குளிர்கிறது

அன்புள்ள ஐயா,

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து எழுதுகிறேன். சிப்காட்டில் ஷிப்ட் வேலை. வயது 34. ரஷ்யச் சிறுகதைகளைத் தமிழில் படித்த நாளிலிருந்து அவற்றை அந்த மொழியிலேயே படித்துவிட வேண்டும் என்று ஓர் ஆசை. எட்டு மாதமாகக் கைப்பேசிச் செயலி ஒன்றை வைத்துக்கொண்டு ரஷ்ய மொழி கற்கிறேன். எழுத்துகள் பிடிபட்டுவிட்டன, வேற்றுமைகளில் சிக்கி நிற்கிறேன். செயலியும் புத்தகங்களும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. என் ஆங்கிலமோ சுமார். ஆகவே முதலில் ஓராண்டு ஆங்கிலத்தைச் சரிசெய்துகொண்டு பிறகு ரஷ்ய மொழிக்குத் திரும்பலாம் என்று இருக்கிறேன். சென்ற டிசம்பர் மழையின்போது, ஆரோவில்லில் பழக்கமான ஒரு ரஷ்யப் பெண்மணிக்கு 'யா ஹலோத்னி' என்று செய்தி அனுப்பினேன். எனக்குக் குளிர்கிறது என்று சொல்ல நினைத்தேன். அவர் சிரித்த முகங்களாக வரிசையாக அனுப்பினார். ஏன் என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. பல்கலைக்கழகத்தில் சேராமல் இந்த மொழியைக் கற்க முடியுமா? எந்தப் புத்தகம் நல்லது? சான்றிதழ் தேவையா? ரஷ்ய மொழியிலும் நம் 'ழ' உண்டு என்கிறார்களே, உண்மையா?

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்ததால் நீக்கியிருக்கிறேன்.)

*

அன்புள்ள தம்பி,

நீங்கள் நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது அவற்றில் எதுவும் இல்லை; போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுப் போன ஒரு வாக்கியம்தான். ரஷ்ய மொழி படிப்பதற்காக ஓராண்டு ஆங்கிலம் படிக்கப் போகிறீர்களாம். கடலூரிலிருந்து நெய்வேலிக்குப் போக வேண்டியவர் சென்னைக்குப் போய் அங்கிருந்து பஸ் பிடிப்பதாகச் சொன்னால் அவரை என்ன சொல்வது? கடிதத்தைப் படித்த அன்று எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. இரண்டு நாள் கழித்துத்தான், அதே சென்னை வழியில் நானும் ஒரு காலத்தில் போனவன் என்பது நினைவுக்கு வந்து கோபம் தணிந்தது.

சில்லறைக் கேள்விகளை முதலில் தீர்த்துவிடுகிறேன். வயதை எதற்காக எழுதினீர்கள் என்று தெரியவில்லை. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சான்றிதழுக்கு அயலாருக்கென்று ஆறு நிலைகளில் ஒரு தேர்வு இருக்கிறது. அங்கே படிக்கவோ வேலைக்கோ போகிறவர்களுக்கு அது வேண்டும், வீட்டில் உட்கார்ந்து கதை படிக்கிறவரிடம் யாரும் கேட்கப் போவதில்லை. 'ழ' கிடையாது. நம் 'ழ'வையும் ரஷ்யர்களின் வேறோர் எழுத்தையும் ஆங்கிலத்தில் ஒரே இரட்டை எழுத்தால் எழுதித் தொலைக்கிறார்கள், அதனால் வந்த வதந்தி இது. அவர்களுடைய ஒலி 'ஷ'வை அதிரச் செய்தால் வருவது. இந்த வதந்தியே ஆங்கிலக் கண்ணாடி வழியாக இரண்டு மொழிகளைப் பார்த்ததால் பிறந்தது என்பதைக் கவனியுங்கள்.

இப்போது அந்தப் பெண்மணியின் சிரிப்புக்கு வருவோம். 'ஐ ஆம் கோல்ட்' என்ற ஆங்கில வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் ரஷ்ய மொழியில் மாற்றியிருக்கிறீர்கள். 'யா' என்றால் நான். 'ஹலோத்னி' என்றால் குளிர்ந்தவன். நான் தொட்டால் சில்லென்று இருப்பவன், அல்லது மனத்தில் ஈரமில்லாதவன் என்று அவருக்கு அறிவித்திருக்கிறீர்கள். அவர் சிரித்ததோடு விட்டது அவருடைய நல்ல குணம். ரஷ்யர்கள் இதை 'ம்ன்யே ஹோலத்ன' என்பார்கள். 'ம்ன்யே' என்றால் எனக்கு. எனக்குக் குளிர்கிறது. கடலூரில் பிறந்த எந்தக் குழந்தையும் எப்படிச் சொல்லுமோ அப்படி. எனக்கு 34 வயது என்பதற்கும் அதே 'ம்ன்யே', எனக்குப் பிடிக்கும் என்பதற்கும் அதே 'ம்ன்யே', எனக்கு வேண்டும் என்பதற்கும் அதுவே. நான்காம் வேற்றுமையை நாம் எங்கெல்லாம் கைகூசாமல் போடுகிறோமோ, பெரும்பாலும் அங்கெல்லாம் அவர்களும் போடுகிறார்கள். தமிழில் நினைத்துச் சொல் தேடியிருந்தால் நீங்கள் தவறியிருக்கவே மாட்டீர்கள்.

என் பெரியப்பா தவறவில்லை. அவர் எட்டாம் வகுப்போடு நின்றவர். ஆங்கிலத்தில் கையெழுத்துப் போடக்கூடத் தெரியாது. நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் சோவியத் உதவியோடு கட்டப்பட்டது என்பது உங்கள் மாவட்டத்துக்காரரான உங்களுக்குத் தெரிந்திருக்கும். சுரங்கத்தின் பூதாகரமான மண்வெட்டி இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. மின் நிலையம் சோவியத்காரர்களுடையது. 1962-இல் முதல் அலகு ஓடத் தொடங்கியது. பிறகு 50 மெகாவாட்டில் ஆறும் 100 மெகாவாட்டில் மூன்றுமாக அது 600 மெகாவாட் நிலையமாக வளர்ந்தது. பெரியப்பா அங்கே டர்பைன் பகுதியில் உதவியாளர். சுற்றியிருந்த அளவுமானிகளிலும் தகடுகளிலும் ரஷ்ய எழுத்து. படித்த மேற்பார்வையாளர்கள் அந்த எழுத்துகளோடு மல்லுக்கட்டினார்கள்; ஆங்கிலப் 'பி' போல நிற்பது 'ர' என்பதையும், ஆங்கில 'எச்' போல நிற்பது 'ந' என்பதையும் அவர்கள் கண் ஒப்புக்கொள்ள மறுத்தது. பெரியப்பாவுக்கு மறப்பதற்கு எதுவும் இல்லாததால் 33 எழுத்துகளும் ஒரு மாதத்துக்குள் வந்துவிட்டன.

அவர் வைத்திருந்த நோட்டு முத்தியால்பேட்டையில் என் மேசை மீது இப்போதும் இருக்கிறது. நீள வாக்கில் மடித்துக் கோடு போட்ட கணக்கு நோட்டு. ஓரங்களில் எண்ணெய்க் கறை. இடப்பக்கம் தமிழ் எழுத்தில் ரஷ்யச் சொல், வலப்பக்கம் பொருள். வதா, தண்ணீர். பார், நீராவி. மாஸ்ல, எண்ணெய். தவ்லேனியெ, அழுத்தம். ஒரு பக்கத்தில் நான்கு வரிகள் மட்டும் பென்சிலால் அடிக்கோடிடப்பட்டிருக்கின்றன: ஸக்ரோய், மூடு, ஸக்ரோய்த்தெ, மூடுங்கள், அத்க்ரோய், திற, அத்க்ரோய்த்தெ, திறங்கள். 'ங்கள்' போட்டால் மரியாதை, அவர்களுக்குத் 'தெ' போட்டால் மரியாதை என்று கீழே குறித்திருக்கிறார். இதை அவருக்கு எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை.

அந்த நான்கு வரிகளுக்கு ஒரு கதை உண்டு. பகலில் ரஷ்ய நிபுணர் சொல்வதைத் துபாஷி ஆங்கிலத்தில் சொல்வார், அதை மேற்பார்வையாளர் தமிழில் சொல்வார், பிறகுதான் வால்வில் கை வைப்பார்கள். ஒரு நாள் இரவு ஷிப்டில் துபாஷி இல்லாத நேரத்தில் நீராவிக் குழாய் ஒன்று சீறத் தொடங்கியது. நிபுணர் 'ஸக்ரோய், ஸக்ரோய்' என்று கத்துகிறார். மேற்பார்வையாளர் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். பெரியப்பா ஓடிப்போய் வால்வை மூடினார். உள்ளங்கை தோல் உரிந்துவிட்டது. மறுநாள் அந்த நிபுணர் கட்டுப்போட்ட கையைப் பார்த்துவிட்டு, எல்லோர் முன்னிலையிலும் அவரிடம் 'தெ' போட்டுப் பேசினாராம். கையை விட அதைத்தான் பெரியப்பா வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த நோட்டு வீட்டிலேயே இருக்க, நான் 1981-இல் சென்னையில் ஒரு மாலை வகுப்பில் சேர்ந்தேன். எது என்று சொல்லப் போவதில்லை. எங்கள் ஆசிரியர் தமிழர்தான். வகுப்பில் இருந்த பதினோரு பேரும் தமிழர்கள். ஆனாலும் அவர் பாடம் நடத்தியது ஆங்கிலத்தில். ரஷ்ய மொழியில் ஆறு 'கேஸ்'கள் உண்டு, ஆங்கிலத்தில் இது இல்லாததால் உங்களுக்குக் கடினமாக இருக்கும் என்றார். நாங்களும் கடினம் என்று எழுதிக்கொண்டோம்! பள்ளியில் வேற்றுமை உருபுகளை ஒப்பித்து வளர்ந்த பதினோரு பேரில் ஒருவருக்குக்கூடக் கையைத் தூக்கத் தோன்றவில்லை. மூன்று மாதத்தில் நின்றுவிட்டேன். ஊருக்குத் திரும்பிய பிறகுதான் நோட்டைத் திறந்தேன்.

எட்டு வேற்றுமை வைத்திருப்பவர் ஆறைப் பார்த்து ஏன் மிரள வேண்டும்? முதலாவது எழுவாய். நான்காவதைப் பார்த்தோம். மூன்றாம் வேற்றுமையைப் பாருங்கள். பேனாவால் எழுதுகிறேன், அண்ணனோடு வந்தேன் என்று கருவியையும் உடன்வருவதையும் நம் இலக்கணம் ஒரே வேற்றுமையில் அடைத்திருக்கிறது. ஏன் என்று பள்ளியில் யாரும் விளக்குவதில்லை. ரஷ்யனும் அப்படியே அடைத்திருக்கிறான். கருவிக்கு வெறும் உருபு, உடன்வருவதற்கு அதே உருபோடு முன்னால் ஒரு சிறு சொல். ஆறாவது உடைமை. ஏழாவது இடம், முன்னால் ஒரு சொல் இல்லாமல் அது வராது, அவ்வளவுதான். மிச்சம் இரண்டு எங்கே என்றால், நீங்கலைச் சொல்லும் ஐந்தாவது பழங்காலத்திலேயே ஆறாவதோடு கலந்துவிட்டது; விளி தேய்ந்துபோய், 'கோஸ்பதி', அதாவது ஆண்டவனே, என்று கூப்பிடுகிற மாதிரி ஓரிரு சொற்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இரண்டாம் வேற்றுமையில்தான் நீங்கள் சிக்கியிருப்பீர்கள், எல்லோரும் அங்கேதான் சிக்குவார்கள். 'யா வீதெல் தோம்' என்றால் நான் வீடு பார்த்தேன், 'தோம்' மாறவில்லை. 'யா வீதெல் பிராத்தா' என்றால் நான் அண்ணனைப் பார்த்தேன். 'பிராத்' என்பது 'பிராத்தா' ஆகிவிட்டது. ஆண்பால் சொற்களில் உயிருள்ளவை மாறும், உயிரற்றவை மாறா என்று ஆங்கிலப் புத்தகம் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்யச் சொல்லும். தம்பி, நீங்கள் வாய்தவறியாவது 'அண்ணன் பார்த்தேன்' என்று சொல்வீர்களா? வீடு பார்த்தேன் என்பீர்கள், புத்தகம் வாங்கினேன் என்பீர்கள். அண்ணன் என்றால் 'ஐ' தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். உயர்திணைப் பெயரில் இந்த உருபு ஒழியாமல் வரும் என்று தொல்காப்பியம் தொகைமரபில் சொல்லிவைத்திருக்கிறது. பெண் பார்த்தோம், மாப்பிள்ளை பார்த்தோம் என்பது மட்டும் விலக்கு. அங்கே இன்னார் என்று இன்னும் முடிவாகவில்லை, முடிவான பிறகு 'மாப்பிள்ளையைப் பார்த்தோம்' என்றுதான் சொல்கிறோம். ரஷ்யர்களிடம் இந்தக் கல்யாண விலக்கு கிடையாது. நாயையும் பூனையையும் அவர்கள் மனிதர்களோடு சேர்த்துவிடுவார்கள், 'ஆ'வில் முடியும் பெண்பாற் சொற்களில் உயிர் பார்க்காமல் உருபு போடுவார்கள். இவை இரண்டையும் தனியே படியுங்கள். அடிப்படை உங்கள் நாக்கில் ஏற்கெனவே இருக்கிறது.

ஒலியிலும் இப்படி ஒன்று உண்டு. 'இ'யும் அல்லாத, 'உ'வும் அல்லாத ரஷ்ய உயிரெழுத்து ஒன்றைச் சொல்ல முடியாமல் ஆங்கிலேயர்கள் தவிப்பார்கள். காசு, பாட்டு என்று சொல்லும்போது உதடு குவியாமல் கடைசியில் நிற்கிறதே அந்தக் குற்றியலுகரம், அதற்கு மிக அருகில் இருப்பது அது.

எல்லாம் ஒத்துப்போகும் என்று ஏமாற்ற மாட்டேன். மேசை ஆண், புத்தகம் பெண், ஜன்னல் இரண்டும் அல்ல என்பதை உயர்திணை, அஃறிணை என்று பிரித்தே பழகிய நம் மனம் லேசில் ஏற்காது. அதற்குத் தமிழ் உதவாது, ஆங்கிலமும் உதவாது. 'நியெத்' என்ற ஒரே சொல் நம் 'இல்லை'யைப் போல மறுப்பதற்கும் இன்மைக்கும் சேர்த்து வருவதைக் கண்டு மகிழ்ந்து முடிப்பதற்குள், இல்லாத பொருளை அது ஆறாம் வேற்றுமைக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். படித்தேன் என்பதற்கும் படித்துவிட்டேன் என்பதற்கும் அங்கே இரண்டு தனித்தனி வினைகள். நம் 'விடு' அதில் பாதி தூரம்தான் கூட வரும்.

அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் இந்த நேர்வழியில்தான் வந்தார்கள். 1960-இல் மாஸ்கோவில் பியாதிகோர்ஸ்கியும் ரூதினும் தொகுத்த தமிழ்–ரஷ்ய அகராதி வெளிவந்தது; ஐந்தாண்டு கழித்து ஆந்திரோனவும் வேறு இருவரும் சேர்ந்து ரஷ்ய–தமிழ் அகராதியைக் கொண்டுவந்தார்கள். இரண்டிலும் நடுவில் ஆங்கிலம் இல்லை. இரண்டாவதன் பழைய பிரதியை எங்கள் காந்தி வீதி ஞாயிறு சந்தையில், முதுகு கிழிந்த பிரெஞ்சு நாவல்களுக்கு நடுவில் கண்டெடுத்தேன். கடைக்காரர் அதை என்ன மொழி என்று கேட்டுவிட்டு, படிக்க ஆளில்லாத மொழி என்பதால் விலையைப் பாதியாகக் குறைத்தார்.

புத்தகம் கேட்டிருந்தீர்கள். எதுவாக இருந்தாலும் அழுத்தக்குறி போட்டதாகவும், கூடவே ஒலிப்பதிவு உள்ளதாகவும் இருக்கட்டும். 'ஸாமக்' என்று முதலில் அழுத்தினால் கோட்டை, 'ஸமோக்' என்று பின்னால் அழுத்தினால் பூட்டு, அச்சில் இரண்டும் ஒன்றே. ஆங்கில விளக்கத்தில் புரியாத சொல் வந்தால் அந்த ஒரு சொல்லுக்கு அகராதி பாருங்கள், போதும். பல்கலைக்கழகம் பற்றிக் கேட்டதற்குப் பெரியப்பாவின் நோட்டுதான் என் பதில்.

அடுத்த கடிதத்தில் 'எனக்கு' என்று தொடங்கும் பத்துத் தமிழ் வாக்கியங்களை எழுதி, ஒவ்வொன்றின் கீழும் ரஷ்ய வாக்கியத்தை எழுதி அனுப்புங்கள். ஆங்கிலம் ஒரு சொல்லும் இருக்கக் கூடாது. சிவப்பு மையில் திருத்தி அனுப்புகிறேன். அதற்கு முன்னால் அந்தப் பெண்மணிக்கு 'ம்ன்யே ஹோலத்ன' என்று ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்; சித்திரை வெயிலில் அதைப் பார்த்து அவர் மறுபடியும் சிரித்தால் அது இலக்கணத்துக்காக இருக்காது.

அன்புடன்,
புதுச்சேரி