பி53 என்ற புற்றுத் தடுப்புப் புரதத்தின் செரின்-15இல் (சங்கிலியின் 15ஆம் அமினோ அமிலம்) பாஸ்பேட் ஏறியதைக் காட்டும் பட்டை கூடினால், பி53 வேலை செய்கிறது என்று எழுதலாமா?

எழுதக் கூடாது. டிஎன்ஏவை உடைக்கும் டாக்சோரூபிசின் மருந்தைக் கொடுத்து, புரதங்களைப் பிரித்துப் பட்டைகளாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் ஓட்டி, பட்டை கருத்ததைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதே சாம்பிளில் மொத்த பி53 எவ்வளவு கூடியது? பத்து மடங்கு புரதம் சேர்ந்திருந்தால் பாஸ்பேட் பட்டையும் அதோடு சேர்ந்து கருக்கத்தான் செய்யும்.

சாதாரண செல்லில் பி53-இன் அரை ஆயுள் சுமார் 20 நிமிடம். எம்டிஎம்2 என்ற புரதம் பி53-இன் தலைப்பகுதியில் 19, 23, 26 ஆகிய மூன்று இடங்களைக் கவ்வி, வால்பகுதி லைசின்களில் யுபிக்விட்டின் என்ற சிறு புரதத்தை அடையாளமாக ஒட்டி அழிவுக்கு அனுப்பிவிடும். டிஎன்ஏ உடைந்தால் ஏடிஎம் என்ற நொதி செரின்-15இல் பாஸ்பேட் ஏற்றுகிறது. அது மட்டும் கவ்வலைப் பெரிதாகத் தளர்த்தாது. தளர்த்துவது த்ரியோனின்-18இல் சிகே1 என்ற நொதி ஏற்றும் பாஸ்பேட். 15 ஏறியிருந்தால்தான் சிகே1 அங்கே வேலை செய்யும். வாலில் லைசின்-382 போன்ற இடங்களில் பி300 என்ற நொதி அசிட்டைலை ஏற்றிவிட்டால் அங்கே யுபிக்விட்டினுக்கு இடமில்லை. நாற்காலி ஒன்றுதான். டிஎன்ஏவைப் பிடிக்கும் பகுதியிலுள்ள லைசின்-120இல் அசிட்டைல் ஏறுவது வேறு கதை: அது செல்லைச் சாகடிக்கும் பூமா, பேக்ஸ் மரபணுக்களின் பக்கம் சாய்க்கும்.

சோதனைக்கு நட்லின்-3 என்ற மருந்து (10 மைக்ரோமோலார்) கொடுத்த சாம்பிள் ஒன்றைக் கட்டாயம் வையுங்கள். அது எம்டிஎம்2 பி53-ஐக் கவ்வும் பள்ளத்தை அடைத்துவிடுவதால், செரின்-15இல் பாஸ்பேட் ஏறக்குறைய இல்லாமலே பி53 சேரும், பி53 தூண்டும் பி21 புரதமும் எழும். "அப்படியானால் பாஸ்பேட்டே வீணா?" என்று சண்டைக்கு வராதீர்கள். எலியில் மனித செரின்-15க்கு இணையான செரின்-18ஐ அலனினாக மாற்றினால், கதிர்வீச்சுக்குப் பின் தைமஸ் செல்களின் சாவு குறைகிறது. தேவைதான், போதுமானதல்ல.

பாஸ்பேட் உதிராமலிருக்க, செல் உடைக்கும் பஃபரில் சோடியம் புளோரைடு 10 மில்லிமோலார், பீட்டா கிளிசரோபாஸ்பேட் 10 மில்லிமோலார் போடுங்கள். வனடேட்டை மட்டும் நம்பாதீர்கள். அது டைரோசினிலிருந்து பாஸ்பேட்டைக் கழற்றும் நொதிகளைத்தான் (டைரோசின் பாஸ்பட்டேஸ்) தடுக்கும், செரின் பாஸ்பேட் உதிர்ந்துவிடும். அசிட்டைல் பார்ப்பதானால் டிரைகோஸ்டாட்டின்-ஏ 1 மைக்ரோமோலாரோடு நிக்கோட்டினமைடு 5 மில்லிமோலாரும் வேண்டும். அசிட்டைலைக் கழற்றும் எஸ்ஐஆர்டி1 நொதி டிரைகோஸ்டாட்டினுக்கு அடங்காது.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். பட்டையைச் சுற்றி மெல்லிய கீற்றாக வெட்டிக் கட்டுரையில் ஒட்டும் பழக்கம் எரிச்சலூட்டுகிறது. மேலே எட்டெட்டு கிலோடால்டனாக (புரத எடை அளவு) ஏறும் யுபிக்விட்டின் படிக்கட்டு அந்த வெட்டில்தான் போகிறது.

செல்லையும் ஒருமுறை சரிபாருங்கள். ஹீலா என்ற கருப்பைவாய்ப் புற்றுச் செல்லில் பாப்பிலோமா வைரஸின் இ6 புரதம் பி53-ஐ அழித்துக்கொண்டே இருக்கும். எம்டிஏ-எம்பி-231 என்ற மார்பகப் புற்றுச் செல்லில் பி53 ஏராளம். 280ஆம் ஆர்ஜினின் லைசினாக மாறியதால் டிஎன்ஏவைப் பிடிக்காது. அங்கே செரின்-15 எவ்வளவு கருத்தாலும் அந்த பி53-ஆல் பி21 எழாது.