வேலை தேடுபவர்களுக்கு ஆப் செய்தால் சிங்கப்பூரில் எடுபடுமா?

கேள்வி: நானும் நண்பரும் புரோகிராமர்கள். ஏஐ வைத்து ரெஸ்யூமே எழுதி, தானாகவே நூறு இடங்களுக்கு விண்ணப்பம் போடும் ஆப் ஒன்றைச் சிங்கப்பூரில் தொடங்க நினைக்கிறோம். வேலை தேடுபவரிடம் மாதச் சந்தா வாங்கலாமா?

பதில்: சந்தா ஓடாது என்றுதான் நினைக்கிறேன். ஆள் சேர்த்துவிடும் ஏஜென்சியில் இருந்துவிட்டு, இப்போது இதே துறையில் ஒரு சின்ன ஸ்டார்ட்அப்பில் இருக்கிறேன்.

கையில் காசு குறைந்த நேரத்தில்தான் ஒருவர் உங்களிடம் வருவார். வேலை கிடைத்த அன்றே ஆப்பை அழித்துவிடுவார். கிடைக்காவிட்டால் திட்டிக்கொண்டே அழிப்பார். போதாக்குறைக்கு, இங்கே உங்களுக்குப் போட்டி அரசாங்கம். அதன் வேலைவாய்ப்புத் தளமான மைகெரியர்ஸ்ஃபியூச்சர் இலவசம். சம்பள வரம்போடுதான் விளம்பரம் போட முடியும். எம்ப்ளாய்மென்ட் பாஸில், அதாவது வெளிநாட்டு நிபுணர்களுக்கான வேலை அனுமதியில், ஆள் எடுக்க நினைக்கும் நிறுவனம், சில விலக்குகள் தவிர, முதலில் 14 நாள் அங்கே விளம்பரம் செய்தாக வேண்டும். அதனால் விளம்பரங்கள் தாமாகவே அங்கே வந்து சேர்கின்றன. நேரில் ஆலோசனை வேண்டுமென்றால், தொழிற்சங்கக் காங்கிரசின் வேலைவாய்ப்பு உதவி அமைப்பான இ2ஐ இருக்கிறது.

ஆகவே இந்தத் தொழிலில் இறங்குபவர்கள் பெரும்பாலும் கடைசியில் முதலாளியிடம்தான் காசு வாங்குகிறார்கள். 2013இல் மாணவர்களுக்கு இன்டர்ன்ஷிப் பிடித்துத் தரத் தொடங்கிய கிளின்ட்ஸ் நிறுவனம்கூட, பிறகு நிறுவனங்களுக்கு ஆள் தேடித் தரும் தொழிலாக வளர்ந்தது. அதில் தப்பில்லை. ஆனால் காசு கொடுப்பவர் கேட்பதைத்தான் அடுத்த மாதம் செய்வீர்கள், வேலை தேடுபவர் கேட்டது வரிசையில் பின்னால் போகும். அது தெரிந்தே இறங்குங்கள்.

நூறு விண்ணப்பம் போடும் வசதி எனக்குப் பிடிக்கவில்லை. எச்ஆர் பக்கம் உட்கார்ந்து பாருங்கள்: ஒரே வார்ப்பில் எழுதிய ரெஸ்யூமேக்கள் குவிந்து கிடக்கின்றன. வடிகட்டியை அவர்கள் இன்னும் இறுக்குவார்கள். அதில் முதலில் அடிபடுவது உங்கள் வாடிக்கையாளர்தான்.

சரி, என்னதான் செய்யலாம்? ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் விண்ணப்பிப்பதைப் பாருங்கள். தோ பாயோ காப்பிக்கடையில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் போனில் படிவம் நிரப்பினார். ஐம்பதைத் தாண்டியவர், கிடங்கு சூப்பர்வைசர். அடையாள அட்டையில் இருப்பதுபோல், இன்னாரின் மகன் என்பதற்கு எஸ்/ஓ என்று போட்டார். சாய்கோடு கூடாது என்றது படிவம். எடுத்தார். குடும்பப் பெயர் கட்டாயம் என்றது. அப்பா பெயரைப் போட்டார். அதற்கப்புறம் வந்த மின்னஞ்சல் எல்லாம் காலமான அப்பாவுக்கு வணக்கம் சொல்லித்தான் வந்தது. "எங்கப்பாவைத்தான் இன்டர்வியூவுக்குக் கூப்பிடுறாங்க தம்பி" என்று சிரித்தார். கடைசியாக வாங்கிய சம்பளம் என்ன என்று அந்தப் படிவம் கட்டாயமாகக் கேட்டது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவாரா, இரவு ஷிப்ட் பார்ப்பாரா, எத்தனை பேரை மேய்த்திருக்கிறார் என்பதற்கெல்லாம் கட்டமே இல்லை. எடுக்கிற நிறுவனத்துக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதானே!

தேடுபவருக்கும் எடுப்பவருக்கும் ஒரே விஷயம் தேவைப்படுகிற இந்த இடத்தைத்தான் பிடிக்க வேண்டும். ஒரே ஒரு துறை போதும். விண்ணப்பம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பதில் சொல்ல ஒப்புக்கொள்ளும் நிறுவனங்களை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். தேடுபவர்களை வாட்டுவது மறுப்பைவிட மௌனம்தான்.

நீங்கள் கேட்காத ஒன்று: தேடுபவர்களின் விவரங்களைத் திரட்டி, முதலாளியிடம் கொடுத்து, ஆள் சேர்த்துவிட்டால் அது ஏஜென்சி வேலை. மனிதவள அமைச்சின் உரிமம் வேண்டும். ஆப்தானே என்று விட்டுவிட மாட்டார்கள். உரிமம் இருந்தாலும், தேடுபவரிடம் வாங்கும் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு: ஒப்பந்தத்தின் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம், மொத்தத்தில் இரண்டு மாதத்துக்கு மேல் கூடாது. உங்கள் ஆப் எந்தப் பக்கம் விழும் என்று புரோகிராம் எழுதும் முன்பே அமைச்சிடம் கேட்டுவிடுங்கள்.

அடையாள அட்டை எண்ணையும் கேட்காதீர்கள். 2019 செப்டம்பரிலிருந்து, சட்டப்படி தேவையோ ஆளை உறுதியாகத் தெரிந்துகொள்ளும் அவசியமோ இல்லாமல் அதைத் திரட்டக் கூடாது. பழைய ரெஸ்யூமேக்களில் அந்த எண் இன்னும் இருக்கும். பதிவேற்றும்போதே அதை மறைத்துவிடும்படி செய்யுங்கள்.