பக்திப் பாட்டில் வளர்ந்த சோல் பாடகர்கள் காதல் பாட்டுக்குப் போனது விசுவாசத் துரோகம்தானே?

கேள்வியில் அமெரிக்க சோல் பாடகர் அல் கிரீனைச் சொல்லியிருக்கிறீர்கள். சோல் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களின் சபைப் பாட்டிலிருந்து கிளைத்த இசை. சர்ச்சில் பாடி வளர்ந்து, காதல் பாட்டில் சம்பாதித்து, அப்புறம் போதகராகவும் ஆனவரை எப்படி நம்புவது என்று கேட்கிறீர்கள். கேட்ட விதத்தைப் பார்த்தால் நீங்களும் ஏதோ ஒரு சர்ச் கொயரில், அதாவது பாடகர் குழுவில், இருக்கிறீர்கள், இரண்டில் ஒன்றை விடு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. எனக்கும் சொன்னார்கள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அல் கிரீன் 1946இல் அர்கன்சா மாநிலம் ஃபாரஸ்ட் சிட்டியில் ஒரு குத்தகை விவசாயி வீட்டில் பிறந்தவர். சின்ன வயதிலேயே அண்ணன் தம்பிகளோடு சேர்ந்து பக்திப் பாட்டு பாடியவர். காதல் பாட்டு பாடும் ஜாக்கி வில்சனின் ரெக்கார்டைக் கேட்டான் என்று அப்பா வீட்டை விட்டே துரத்தினார். பிறகு மெம்ஃபிஸில், பழைய சினிமா கொட்டகையை மாற்றிக் கட்டிய ராயல் ஸ்டுடியோவில், தயாரிப்பாளர் வில்லி மிட்செல் அவரை அடக்கி, மெல்லப் பாட வைத்தார். அந்த மெல்லிய குரலில் வந்த 'லெட்ஸ் ஸ்டே டுகெதர்' 1972இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. 1976இல் அதே ஊரில் ஒரு சர்ச்சை வாங்கிப் போதகரானார்.

இந்த வரிசையைப் பார்த்துத்தான் முதலில் சாமி, நடுவில் உலகம், கடைசியில் சாமி என்று பிரிக்கிறீர்கள். 1974இல் வந்த 'டேக் மீ டு தி ரிவர்' பாட்டை ஒரு தடவை உட்கார்ந்து கேளுங்கள். கிதார் கலைஞர் டீனி ஹாட்ஜஸோடு சேர்ந்து அவர் எழுதியது. பணத்தையும் சிகரெட்டையும் எடுத்துக்கொண்டு போன ஒரு பெண்ணைப் பற்றிய புலம்பலாக ஆரம்பிக்கும். பல்லவி வந்ததும், என்னை ஆற்றுக்குக் கூட்டிப் போ, தண்ணீரில் முக்கு, கழுவு என்று கெஞ்சுவார். அந்தப் பக்கத்துக் கிராமத்துச் சபைகள் பலவற்றில் அந்தக் காலத்தில் ஆற்றில் இறக்கித்தான் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். காதல் பாட்டு எழுத உட்கார்ந்தவனுக்கு வாயில் வந்த சொல் சபையின் சொல்தான். போதகராவதற்கு இரண்டு வருஷம் முன்னால்!

அவர் தடுமாறவே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1979இல் சின்சினாட்டியில் மேடையிலிருந்து விழுந்தபோது அதைக் கடவுளின் எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டு பல வருஷம் பக்திப் பாட்டு மட்டுமே பாடினார். அப்போது கேட்டிருந்தால் உங்கள் கேள்விக்கு அவரே ஆமாம் என்றிருப்பார். பின்னாளில் காதல் பாட்டுக்குத் திரும்பினார், 2003இல் பழைய வில்லி மிட்செலோடேயே ஒரு ஆல்பம் செய்தார். போதக ஊழியத்தை அதற்காக விடவில்லை.

இனி என் கதை. திருநெல்வேலிப் பக்கம் ஒரு சபையில் பள்ளிக்கூட நாளிலிருந்து கீபோர்டு வாசித்தேன். சனிக்கிழமை கல்யாண ரிசப்ஷன்களில் மெல்லிசைக் குழுவோடும் வாசிப்பேன், வீட்டு வாடகை அதில்தான் ஓடியது. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். கமிட்டிப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்று, "ராத்திரி அங்க வாசிச்ச கைய வச்சி காலைல இங்க வாசிக்கலாமாடே?" என்றார். கொயரே திரும்பிப் பார்த்தது. அடுத்த வாரப் பட்டியலில் என் பெயர் இல்லை. சபைப் போதகரான ஐயரிடம் போனேன், கமிட்டியைப் பகைக்க முடியாது தம்பி என்றார்.

அந்த மாதம் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தார். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பாட்டு எழுதினேன். "விளக்கை அணைச்சிராத, நான் வந்துகிட்டேதான் இருக்கேன்" என்பது பல்லவி. யாரைப் பார்த்துச் சொல்கிறேன் என்று எழுதும்போது எனக்கே தெரியவில்லை. அப்பாவையா, ஆண்டவரையா, அன்றைக்கு வீட்டில் தனியாகக் காத்திருந்த என் மனைவியையா? வேறொரு சபையில் அதை ஜெபப் பாட்டாகப் பாடினார்கள். ஒரு ரிசப்ஷனில் மாப்பிள்ளை பெண்ணுக்காகப் பாடச் சொல்லிக் கேட்டார். ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் பாடினோம்.

கமெண்டில் வசனம் போட வருகிறவர்களுக்கு: நானும் வேதம் வாசிக்கிறவன்தான். எந்தப் பாட்டையும் பலிபீடத்துக்குக் கொண்டுவரலாம் என்று சொல்லவில்லை, ஆராதனைக்கு ஒரு ஒழுங்கு வேண்டும். ஆனால் "வெளி ராகம், வெளி மெட்டு" என்று பேசுவதற்கு முன்னால் நம் சபைகள் இன்றைக்கும் பாடுகிற வேதநாயகம் சாஸ்திரியாரை நினையுங்கள். தஞ்சாவூரில் சரபோஜி மன்னர் காலத்தில், தலைவி காதலில் உருகுவதும் குறத்தி குறி சொல்வதுமாகக் கோயிலிலும் அரண்மனையிலும் ஆடிவந்த குறவஞ்சியை எடுத்து 'பெத்லகேம் குறவஞ்சி' செய்தவர் அவர். அவருடைய பாட்டுமுறை அன்றைக்கு வந்த புது மிஷனரிகள் சிலருக்கும் பிடிக்கவில்லை. அவரைத் துரோகி என்று இன்றைக்கு யார் சொல்வார்கள்?

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இதையும் சொல்லிவிடுகிறேன். என்னை நிறுத்திய அதே சபையில் இப்போது கீபோர்டு வாசிக்க ஆளே கிடையாது. பென் டிரைவில் மைனஸ் டிராக்கை, அதாவது குரல் இல்லாமல் பதிவு செய்த பின்னணி இசையை, போட்டுவிட்டு அதன் பின்னால் ஓடுகிறார்கள். ஒரு பாட்டி கண்ணீரோடு சரணத்தைத் திரும்பப் பாடினால் டிராக் அவளுக்காக நிற்காது. அல் கிரீன் ரெக்கார்டுகளில் சார்லஸ் ஹாட்ஜஸ் வாசிக்கும் ஆர்கனைக் கேளுங்கள். பாடகர் ஒரு சொல்லை இழுத்தால் பின்னாலேயே காத்திருந்து தாங்கிப் பிடிப்பார். இப்படி வாசிக்கக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள், நான்தான் சொல்லிக் கொடுக்கிறேன். கமிட்டியில் யாராவது இதைப் படித்தால் அவர்களையாவது கூப்பிடுங்கள், சனிக்கிழமை எங்கே வாசித்தாய் என்று மட்டும் கேட்காதீர்கள்.